வேப்பமரத்துக்குக் கறுப்புப் பெயிண்ட்

மேல்வீட்டு ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தால் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் நான் கட்டும் மாதிரிக் கப்பலைத்தான் பார்ப்பார். அன்றைக்கும் அப்படித்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, அணியத்திலிருந்து பின்புறம் வரைக்கும் மெதுவாக ஒரு பார்வை. அப்புறம் கேட்டார்:

"உதுக்கு எப்ப தம்பி பெயின்ற் அடிக்கப் போறீர்?"

"அடிக்கப் போறதில்லைங்க ஐயா. மரம் அப்படியே தெரியட்டும்னு விட்டிருக்கேன்."

"மரம் தெரியிறதெண்டால் அலுமாரியல்லோ செய்திருக்க வேணும்."

சொல்லிவிட்டு என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு அவர் மாடிக்குப் போய்விட்டார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலு வருஷமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மரம் அது.

இந்தக் கப்பல் கதையை முன்னாலிருந்தே சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கட்டியது இது இல்லை. 2015 வரைக்கும் நாங்கள் முடிச்சூர் பக்கத்து வரதராஜபுரத்தில் தரைத்தள வாடகை வீட்டில் இருந்தோம். அப்போது 'கட்டி சார்க்' கப்பலின் மர மாதிரிப் பெட்டி ஒன்றை வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் வாங்கிக் கொடுத்திருந்தார். 1869-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய, சீனத் தேயிலைக்காகப் பந்தயம் ஓடிய கப்பல். அசல் இப்போது லண்டன் கிரீனிச்சில் நிற்கிறது. பெட்டியில் எல்லாம் எண் போட்டு வெட்டி வைத்திருந்தார்கள். ஒன்பதை ஏழோடு ஒட்டு, பதினொன்றைத் தேய். மூன்று பாய்மரமும் நிறுத்தி, கயிறு கட்டும் கட்டத்துக்கு வந்திருந்தேன்.

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு எங்கள் தெருவுக்குள் வந்தது. நாங்கள் மாடி வீட்டுக்காரர் தயவில் மேலே ஏறிக்கொண்டோம். மறுநாள் கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் ஃபைபர் படகோடு வந்து எங்களை இறக்கினார்கள். கடலுக்கும் முடிச்சூருக்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குத் திரும்பினால், கப்பல் சமையல்கட்டில் கிடந்தது. ஹாலில் வைத்த கப்பல் சமையல்கட்டுக்கு எப்படிப் போகும்? மிதந்துதான் போயிருக்கிறது. கொஞ்ச நேரமாவது மிதந்திருக்கிறது! அந்த சந்தோஷம் இன்னும் எனக்கு இருக்கிறது. அப்புறம் வெள்ளைப் பசை ஊறி, பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, மீன் முள் மாதிரி எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியிருந்தது.

சேலையூருக்கு, முதல் மாடிக்கு, குடிவந்தோம். முதல் மாடி என்பதைத் தவிர வேறு எதையும் பார்க்காமல் எடுத்த வீடு. அடுத்த வருஷம் டிசம்பர் 12, வர்தா புயல். தெருமுனை வேப்பமரம் வேரோடு சாய்ந்து ஒரு காரை நசுக்கியது. நகராட்சி வண்டி அப்போது எங்கே வரும்? நாலு நாள் கழித்து ஒரு ஆள் ரம்பத்தோடு வந்து துண்டு போட்டார். தொடை கனத்துக்கு ஒரு கிளையை நூறு ரூபாய் கொடுத்து வாங்கி, மொட்டை மாடித் தண்ணித்தொட்டிக்கு அடியில் போட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. "விறகுக்கா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

அது எதற்கு என்று தெரிந்தது மேல்வீட்டுக்கு ஐயா குடிவந்த பிறகு. வல்வெட்டித்துறைக்காரர். எண்பத்தி நாலில் இங்கே வந்தவர், கேம்ப் ரோட்டிலும் மேடவாக்கத்திலும் மாறி மாறி வாடகைக்கு இருந்துவிட்டு எங்கள் மாடிக்கு வந்து சேர்ந்தார். வாட்டர் டேங்க் நிரம்பி வழிந்ததைப் பற்றிப் பேச வந்தவர், என் மேஜையில் காய்ந்து கிடந்த கட்டி சார்க் எலும்புக்கூட்டைப் பார்த்து நின்றுவிட்டார். "வெள்ளைக்காரன்ர கப்பலை ஏன் தம்பி கட்டுறீர்? எங்கட ஊர்க் கப்பல் அமெரிக்கா வரைக்கும் போயிருக்கே, தெரியாதோ?"

எனக்குத் தெரியாது. உங்களில் பலருக்கும் தெரியாமல் இருக்கலாம். அதனால் சொல்கிறேன்.

கப்பலின் பெயர் அன்னபூரணி. 1930-ல் வல்வெட்டித்துறையில் சுந்தரம் மேஸ்திரி கட்டியது. வேப்பமரத்தில். நீளம் 89 அடி, அகலம் 19 அடி. இரண்டு பாய்மரம், முன்மரத்தில் குறுக்குப் பருமல் கட்டிய சதுரப் பாய்கள். அந்தக் காலத்தில் வல்வைக் கப்பல்கள் நாகப்பட்டினம், காரைக்கால், ரங்கூன், அக்யாப் என்று அரிசியும் ஓடும் ஏற்றி ஓடிக்கொண்டிருந்தன. இதுவும் அதில் ஒன்று. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்று ஒரு அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்ற முப்பத்திச் சொச்சம் அடிப் படகில் உலகத்தையே சுற்றி வந்த மனிதர். அவர் கண்ணில் இந்தக் கப்பல் பட்டது. வாங்கிவிட்டார். மனைவி பெயரை வைத்து 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆக்கினார். தண்டையல், அதாவது மாலுமிகளின் தலைவர், தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் அதை சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்குக் கொண்டுபோய், அட்லாண்டிக்கைத் தாண்டி, 1938 ஆகஸ்டில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். குளோஸ்டர் என்பது மீன்பிடிப் பாய்க்கப்பல்களுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்க்காரர்களுக்குக் கப்பல் புதிதில்லை. மடித்துக் கட்டிய வேட்டியோடு அட்லாண்டிக்கைத் தாண்டி வந்த கப்பல்காரர்கள்தான் புதிதாக இருந்திருப்பார்கள்.

நம் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். கிட்டத்தட்ட அந்த ரயிலின் வயசு இந்தக் கப்பலுக்கு. தினம் ரயிலில் போகும்போது இது எனக்கு ஞாபகம் வரும். சம்பந்தமே இல்லைதான், ஆனால் வரும்.

வேப்பமரத்தில் கட்டிய கப்பல் என்று ஐயா சொன்னதும் எனக்குத் தண்ணித்தொட்டிக்கு அடியில் கிடந்த கிளை ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருஷம் நன்றாகக் காய்ந்திருந்தது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு மரப்பட்டறைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போய், ஒன்றரை மில்லிமீட்டர் கனம், ஐந்து மில்லிமீட்டர் அகலம், இரண்டடி நீளத்துக்குச் சீவிக் கொடுங்கள் என்றேன். பட்டறைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இது நிலைவாசல் அறுக்கற மெஷின். உங்களுக்கு வேணுங்கறது வடுமாங்கா சீவற கத்தி." கடைசியில் பட்டைப் பலகையாக அறுத்துத்தான் கொடுத்தார். மெல்லிசாக்கினது நான்தான், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நானூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய இழைப்புளியால். அந்தச் சந்தைக்குத் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். உளி, கைத்துரப்பணம், சின்ன வைஸ், யாரோ ஒரு பல் டாக்டர் கழித்துப்போட்ட கூர்க்கம்பிகள், என் ஆயுதங்களில் முக்கால்வாசி அங்கே வாங்கியவை.

வேம்பு வேலைக்கு நல்ல மரம் இல்லை. அதாவது, இந்த அளவு வேலைக்கு. அதன் ரேகை ஒரு பக்கமாக ஓடாது, பின்னிப் பின்னி ஓடும். இழைப்புளி ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், இரண்டு அங்குலம் தள்ளி மரத்தைப் பிய்த்துக்கொண்டு நிற்கும். வெந்நீரில் ஊறப்போட்டு இஸ்திரிப் பெட்டி ஓரத்தில் வைத்து வளைத்தால் மூன்றில் ஒன்று 'டப்'. தூள் நாக்கில் பட்டால் கசப்பு. ஒரு முழு மாசம் நான் குடித்த காப்பி எல்லாம் வேப்பங்கொழுந்துக் கஷாயமாகத்தான் இருந்தது. பக்கத்துக்கு இருபத்து மூன்று பலகை, இரண்டு பக்கமும் சேர்த்து நாற்பத்தாறு. உடைந்ததை எண்ணவில்லை.

பலகை ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கப்பலின் நடுவயிறு அகலம், இரண்டு முனையும் ஒடுக்கம். எல்லாப் பலகையும் ஒரே அகலம் என்றால் முனையில் இடம் பற்றாமல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அதனால் ஒவ்வொரு பலகையையும் முனை நோக்கிக் குறுக்க வேண்டும். எவ்வளவு என்பது ஒவ்வொரு வங்கிலும், அதாவது விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் சட்டத்திலும், அளந்தால்தான் தெரியும். கப்பலின் முதுகெலும்பான ஏராவை ஒட்டிப் போகும் முதல் பலகை தப்பினால் கடைசிப் பலகை வரைக்கும் தப்பு ஏறிக்கொண்டே போகும். எனக்கு இடது பக்கம் அப்படித்தான் ஆனது. ஒன்பது பலகையைப் பிய்த்து எடுத்தேன்.

ஏரா, வங்கு, பருமல், பலகை இடுக்கை அடைக்கும் கலப்பற்று. இந்த வார்த்தைகளை எல்லாம் எனக்குச் சொன்னது ஐயாதான். நான் கீல், ஃபிரேம், யார்ட் என்று இணையத்தில் படித்துப் பேசிக்கொண்டிருந்தேன். 'கப்பல் சாத்திரம்' என்று பழைய ஓலைச்சுவடி ஒன்று உண்டு. 1950-ல் சென்னையில் அச்சில் வந்தது. ஏராக் கட்டையில் கணு எந்த இடத்தில் இருந்தால் நல்லது, எங்கே இருந்தால் ஆகாது என்றெல்லாம் அதில் பலன் சொல்கிறார்கள். நான் ஏராவுக்கு எடுத்த துண்டில் நடுவில் சரியாக ஒரு கணு. அதற்கு என்ன பலன் என்று வேண்டுமென்றே தேடிப் பார்க்கவில்லை.

பெட்டியில் வரும் கப்பலுக்கு வரைபடம் வரும். அன்னபூரணிக்கு நான்தான் வரைய வேண்டும். அளவு 1:48 என்று வைத்துக்கொண்டேன். ஒரு அடிக்குக் கால் அங்குலம், கணக்கு சுலபம். 89 அடி இருபத்திரண்டே கால் அங்குலம் ஆகும், 19 அடி நாலே முக்கால். உடம்பின் வளைவுக்கு இரண்டு பேர் கை கொடுத்தார்கள். ஒருவர் ஜேம்ஸ் ஹோர்னெல், சென்னை மாகாணத்து மீன்வளத் துறை இயக்குநராக இருந்தவர், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-ல் விரிவாக எழுதியவர். இன்னொருவர் எத்மோன் பாரி என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர். 1830-களில் நம் கரைகளில் எல்லாம் இறங்கி மசூலாப் படகு, கட்டுமரம், தோணி என்று ஒன்று விடாமல் அளந்து வரைந்தவர். பிறகு பாரிஸ் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பேற்று, வரைந்த படகுகளை மாதிரிகளாகவும் செய்ய வைத்தார். ஆக, நம் தோணிக்கு மரத்தில் மாதிரி செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று ஒரு வெள்ளைக்காரருக்குத் தோன்றி ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் ஆகிறது. எனக்கு இப்போதுதான் தோன்றியது.

மாதிரி என்றதும் சொல்ல வேண்டிய இன்னொன்று. அஜந்தா ஓவியத்தில் இருக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, ஆணி அடிக்காமல் தென்னைநார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, கோவாவில் ஒரு கப்பல் கட்டினார்களே, 'கௌண்டின்யா'. 2025 டிசம்பர் 29 போர்பந்தரில் புறப்பட்டு ஜனவரியில் மஸ்கட் போனது. ஓவியத்துக்கு ஏது வரைபடம்? அது தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்று மாதிரி வைத்துச் சோதித்தது எங்கே தெரியுமா? நம் கிண்டி பக்கத்து ஐஐடி-யின் கடல்சார் பொறியியல் துறையில். இதைப் படித்த அன்று என் மகளிடம், "பார்த்தியா, அப்பா பண்றது வெட்டி வேலை இல்லை" என்றேன். "அவங்க மாதிரி தண்ணில போச்சுப்பா, உன்னோடது சமையல்கட்டுக்குத்தான் போச்சு" என்றாள்.

கயிறு வேலைக்கு வருகிறேன். பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டும் கயிறுகளுக்குக் குறுக்கே ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கயிறு போகும். மாலுமி அதில்தான் ஏறுவார். ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு முடிச்சு. மொத்தம் அறுநூற்றுச் சொச்சம். சாமணம் வைத்து ஒரு முடிச்சுக்கு இரண்டு நிமிஷம் ஆனது எனக்கு. ஒரு நாள் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூக்காரம்மா மல்லி கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு விரலில் சுற்றி, ஒரு திருப்பு, இழு. கிட்டத்தட்ட அதே முடிச்சு! வீட்டுக்கு வந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் டிவியைப் பார்த்துக்கொண்டே கட்ட ஆரம்பித்தாள். நாலு நாளில் இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் நான் கட்டியது. எது யார் கட்டியது என்று பார்த்தாலே தெரியும். நூல்கூட பூ கட்டும் நூல்தான், தேன்மெழுகில் நாலு தடவை இழுத்துப் பஞ்சு படிய வைத்தது. பாய்க்கு என் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து மெலிந்த துணி. தேயிலை டிகாக்ஷனில் முக்கி எடுத்தால் கடலில் நாலு வருஷம் ஓடிய நிறம் வந்துவிடுகிறது.

இனி பெயிண்ட்.

மாதிரிக் கப்பல் கட்டுபவர்களில் ஒரு சாதி உண்டு, பெயிண்ட் அடிப்பதைப் பாவமாக நினைக்கும் சாதி. மரத்தின் நிறமே நிறம், எண்ணெய் மட்டும் தடவலாம் என்பார்கள். நான் அதில் சேர்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் காட்டிக்கொள்ள ஆசை. நாற்பத்தாறு பலகை, பின்னிய ரேகை, தேய்த்துத் தேய்த்துச் செம்மண் நிறம் ஏறியிருந்தது. பெயிண்ட் அடித்தால் இத்தனை உழைப்பும் தெரியாது. ஐயா அதற்குத்தான் அலமாரி என்றார். மறுநாள் மாடிக்குப் போய் விடாமல் கேட்டேன்.

"ஐயா, அசல் கப்பல்ல மரம் தெரியாதா?"

"மரம் தெரிஞ்சுதெண்டால் அது துறையில கைவிட்ட கப்பல் தம்பி. கடல்ல போற கப்பலுக்கு மரம் தெரியக் கூடாது. புழு தின்னும். கீழுக்குச் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைச்சு அப்புவினம். மேலுக்கு நான் கண்ட வத்தையள் எல்லாம் கறுப்பு. கரியும் சுறா எண்ணெயும் மணக்கும். வல்வையில கப்பலை முதல்ல கண்ணால காண மாட்டம், மூக்காலதான் காணுவம்."

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீர் கட்டினது நல்லாத்தான் இருக்கு. ஆனா உது இன்னும் கரையிலதான் நிக்குது" என்றார்.

அடித்துவிட முடிவு செய்தேன். சரி, எந்த மாசத்தில்? ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் ஈரக்காற்றில் வார்னிஷ் பால் மாதிரி வெளுக்கும். ஆடியில் அடித்தால் ராஜகீழ்ப்பாக்கம் புழுதி எல்லாம் வந்து ஒட்டும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கி இடுக்கு விடும். தையிலிருந்து மாசி முடியும் வரைக்கும்தான் நமக்குக் கொடுத்துவைத்தது. பொங்கலுக்கு மறுவாரம் ஆரம்பித்தேன்.

முதலில் 220 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 400. சீலர் ஒரு கோட். வேம்பு அதைக் குடித்துவிட்டு ரோமம் சிலிர்த்து நின்றது. மறுபடி தேய்த்து, மறுபடி சீலர். மூன்றாம் கோட்டில்தான் அடங்கியது. இடுக்குகளில் பட்டி வைத்தேன், இடது பக்கத்தில் நிறையவே. தண்ணிக்கோடு போட ஒரு எளிய வழி: கப்பலைச் சமமான மேஜையில் அசையாமல் நிறுத்தி, ஒரு மரக்கட்டையில் பென்சிலைச் சரியான உயரத்தில் கட்டி, கட்டையைக் கப்பலைச் சுற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். கோடு வளைவுகளில் தானாக ஏறி இறங்கி ஓடும். கப்பல் முதன்முதலாகத் தண்ணீரில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அந்தக் கோட்டைப் போட்டதும்.

கீழே வெள்ளை. சுத்த வெள்ளை இல்லை, சுண்ணாம்பில் எண்ணெய் சேர்ந்த மங்கல் வெள்ளை. மேலே கறுப்பு. அதிலும் டப்பாவில் இருக்கும் கறுப்பு உதவாது. சின்னப் பொருளில் முழுக் கறுப்பு அடித்தால் ஓட்டை மாதிரி இருக்கும், வடிவமே தெரியாது. பெரிய கப்பலை நாம் தூரத்திலிருந்து பார்க்கிறோம், நடுவில் காற்றும் வெளிச்சமும் சேர்ந்து கறுப்பை வெளுக்க வைக்கின்றன. அந்தத் தூரத்தையும் நாம்தான் கலக்க வேண்டும். கறுப்பில் கொஞ்சம் சாம்பல், ஒரு பொட்டு காவி. தண்ணியாகக் கரைத்து ஆறு கோட். ஒட்டு டேப் ஓரத்தில் நிறம் கசியாமல் இருக்க, முதலில் அடி நிறமான வெள்ளையையே டேப் விளிம்பில் ஒருதரம் தடவி, காய்ந்த பிறகு கறுப்பு அடித்தேன். இதைக் கற்றுக்கொடுத்தது கடை போர்டு எழுதும் ஒரு பெரியவர். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு அவருக்கு போர்டு வேலை இல்லை, கேட் பெயிண்ட் அடிக்கிறார்.

டேப்பை உரித்த அன்று ஐயா வந்திருந்தார். கோடு சுத்தமாக நின்றது. மரம் போய்விட்டது. வர்தாவில் விழுந்த எங்கள் தெரு வேப்பமரம், நான் பிய்த்தெடுத்து மறுபடி ஒட்டிய ஒன்பது பலகை, எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒரு பக்கமாக வெளிச்சம் விழுந்தபோது கறுப்புக்கு அடியில் பலகைகளின் சந்து மெல்லிசாக வரி வரியாக ஓடியது. ஐயா விரலால் தொடப் போய், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். "இப்ப சரி" என்றார். அவ்வளவுதான்.

பெயர் எழுத வேண்டியிருந்தது. அட்லாண்டிக்கைத் தாண்டியபோது அதன் பின்புறத்தில் இருந்தது ராபின்சன் மனைவியின் பெயர். அதை எழுதினால் சரித்திரப்படி சரி. நான் 1930-ஐத்தான் கட்டியிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு, போர்டு பெரியவரைக் கூட்டிவந்தேன். மூன்றே மூன்று முடி விட்டு மிச்சத்தை வெட்டிய தூரிகையால், இரண்டரை மில்லிமீட்டர் உயரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு 'அன்னபூரணி' என்று எழுதினார். றன்னகரம் இரண்டும் பிசகாமல் வந்துவிட்டது. டண்ணகரத்துக்குத்தான் இடம் பற்றவில்லை. கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது.

கப்பல் இப்போது ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. குரோம்பேட்டையில் கண்ணாடிப் பெட்டிக்கு விலை கேட்டேன், கப்பலுக்கு ஆன செலவைவிட அதிகம் சொன்னார்கள். அதற்குள் சரக்கு அறையில் ஒரு பல்லி குடிவந்துவிட்டது. ராத்திரி விளக்கைப் போட்டால் மேல்தளத்தில் வந்து நின்று பார்க்கிறது. நாலு அங்குலம் இருக்கும். 1:48 கணக்குப்படி பதினாறு அடி முதலை.

ஐயாவிடம் சொன்னேன். "மாலுமியள் பாவம்" என்றார்.